ஐந்தில் ஒட்டிய பொட்டு

பாலன் பின்னால் இருந்து வலது தோளில் தட்டினால் கியரைக் கூட்ட வேண்டும். இடது தோளில் தட்டினால் குறைக்க வேண்டும். இரண்டு தோளிலும் சேர்த்துத் தட்டினால் நிற்பாட்ட வேண்டும். ஏழு வருடமாகப் பிரஷாந்தினி, புருஷன் பின்னால் இருக்க, இப்படித்தான் மோட்டார் சைக்கிள் ஓடினாள்.

அவளுக்கு இரண்டு காதும் கேளாது. பதினேழு வயதில், சண்டையின் கடைசி மாதங்களில் போன காது. எப்படிப் போனது என்று அந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. பேச்சு மட்டும் போகாமல் நின்றது. மற்றவர்களின் வாயைப் பார்த்து முக்கால்வாசியை விளங்கிக்கொள்வாள். ஆனால் எஞ்சினுக்கு வாய் இல்லையே. அது முக்குகிறதா, கத்துகிறதா என்று காதுள்ள ஆள்தான் சொல்ல வேண்டும். நடுக்கத்தை வைத்துப் பிடிக்கலாம்தான். ஆனால் கிறவல் கல் ரோட்டில், இரண்டு பக்கமும் பால் கான் தொங்கும்போது, எல்லாமே நடுங்கும். எது எஞ்சின், எது ரோட்டு என்று யார் கண்டது?

அப்படியென்றால் பாலனே ஓடலாமே என்று கேட்பீர்கள். அவனுடைய இடது கணுக்கால் மரக்கட்டை மாதிரி. மடங்காது. கியர் போடும் கால் அதுதான். காது அவனுடையது, கால் அவளுடையது, இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஓட்டக்காரன் என்று அக்கராயனில் பகிடி விடுவார்கள். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். விடிய எழும்பி, பதினாலு வீட்டில் பால் எடுத்து, கிளிநொச்சிப் பால் நிலையத்தில் பால் ஏற்றும் பவுசர் லொறி வெளிக்கிட முதல் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். பவுசர் எட்டரைக்கு. அதற்குப் பிறகு பாலன் கூலி வேலைக்குப் போவான். அந்தக் காலோடு மூட்டை சுமப்பான். பின்னேரம் வந்து காலை உப்புத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பான். அவன் சொல்லாத நோவை அவள் அவன் முகத்தில் வாசித்துக்கொண்டு அடுப்பூதுவாள்.

அந்தக் கிழமைதான் வட்டக்கச்சியில் ஒரு விதைநெல் களஞ்சியத்தில் வாசல் பார்க்கும் வேலைக்கு அவனைக் கேட்டிருந்தார்கள். நிழல். இருக்கக் கதிரை. மூட்டை தூக்க வேண்டாம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நிற்க வேண்டும், வருகிறதா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். ஏழு மணிக்குப் பாலன் வட்டக்கச்சியில் நின்றால் பிரஷாந்தினியின் தோளில் யார் தட்டுவது?

தனிய ஓடிப் பார்க்காமல் இல்லை. போன வருடம் பாலனுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் ஓடினாள். மூன்றாம் நாள் பிஸ்டன் எரிந்து இறுகி, மோட்டார் சைக்கிள் நடுரோட்டில் நின்றது. இரண்டாம் கியரிலேயே கத்தக் கத்த ஓட்டியிருக்கிறாள் என்று மெக்கானிக் றம்சீன் சொன்னான். மூன்று கிழமை அவனுடைய கராஜில் சைக்கிள் பிரித்தபடி கிடந்தது. பால் எடுக்கும் பாதை வேறு ஆளுக்குப் போகாமல் தப்பியது பெரிய காரியம்.

இந்த முறை வழி சொன்னதும் றம்சீன்தான். புத்தளத்தில் இருந்து திரும்பி வந்து சந்தைக்குப் பின்னால் கராஜ் போட்டிருக்கிறான். நல்ல தாடி. தாடிக்குள் வாய் தெரியாதபடியால் அவனோடு கதைக்கிறதென்றால் பிரஷாந்தினிக்கு எப்போதும் கடதாசி வேண்டும். எஞ்சின் ஒரு நிமிடத்தில் எத்தனை தரம் சுற்றுகிறது என்று காட்டும் ஒரு மீற்றர் இருக்கிறது, பெடியள் அழகுக்குப் பூட்டுகிறவர்கள், உனக்கு அது காதாக இருக்கும் என்று எழுதிக் காட்டினான். வேகம் காட்டும் மீற்றர் போதாதா என்று அவள் கேட்டாள். அது ரோட்டைச் சொல்லும், எஞ்சினின் பாட்டைச் சொல்லாது என்று எழுதினான். பிறகு யோசித்து, உன்னுடையது ரோட்டையும் சொல்லாது, அது செத்து இரண்டு வருடம் என்று கீழே சேர்த்தான்.

வியாழக்கிழமை பின்னேரம் பூட்டினான். தகரப் பேணி மூடியளவு வட்டம், பூச்சியத்தில் இருந்து பன்னிரண்டு வரைக்கும் ஆயிரக் கணக்கில் இலக்கம், ஒன்பதுக்கு மேலே சிவப்பு. ஹாண்டிலில் ஒரு தகட்டை வளைத்துப் பிடித்து, மீற்றரின் வயரை பிளக் வயரின் மேல் ஏழு சுற்றுச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டினான். பொறி அடிக்க அடிக்க மீற்றர் அதை எண்ணும். பெட்டிக்குள் இருந்த கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்து, மீற்றரின் முதுகில் இருந்த குட்டிச் சுவிச்சை ஒற்றைச் சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் என்ற இடத்தில் வைத்தான். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும் முள்ளு மூன்றுக்குக் கிட்டப் போய் நின்றது. சும்மா நிற்கிற எஞ்சினுக்கு இது அதிகம் என்று தலையை ஆட்டி, எஞ்சினின் வேகத்தைக் குறைக்கும் ஸ்குறூவைத் திருகி முள்ளை ஒன்றரைக்கு இறக்கினான். கடைசியாக எழுதினான்: முள்ளு 5க்கு வந்தால் கூட்டு. 3க்குக் கீழே போனால் குறை.

பிரஷாந்தினி கைப்பையில் இருந்து ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்தாள். மீற்றர்க் கண்ணாடியில் ஐந்துக்கு நேரே ஒரு சிவப்புப் பொட்டு, மூன்றுக்கு நேரே ஒரு கறுத்தப் பொட்டு. றம்சீன் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் தாடி முழுக்க ஆடியது.

வெள்ளிக்கிழமை காலை தனிய வெளிக்கிட்டாள். பாலன் வாசல் படலையில் நின்று பார்த்தான். முதல் வீட்டுப் பாலைக் கானில் ஊற்றிவிட்டுத் திரும்பினால் எஞ்சின் நின்றிருந்தது. உதைத்து எழுப்பினாள். அடுத்த வீட்டிலும் நின்றிருந்தது. பதினாலு வீட்டில் பதினொரு தரம் உதைத்திருப்பாள். ரோட்டில் ஏறியதும் முள்ளு சிவப்புப் பொட்டைத் தொட, சொன்னபடி கூட்டினாள். சைக்கிள் கயிற்றில் கட்டிய கன்று மாதிரித் துள்ளியது. பொட்டைத் தொட்டது, மீண்டும் கூட்டினாள். மீண்டும் துள்ளியது. நாலாம் கியர் விழுந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் துவிச்சக்கரவண்டியில் அவளை முந்திக்கொண்டு போனார்கள். வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் அடியோடு நின்றது. கானில் பால் அலைத்து மூடிக்குள்ளால் ஒழுகியது. இறங்கித் தள்ளினாள். நாற்பது லீற்றர் பாலும் சைக்கிளும் அவளும்.

போய்ச் சேர்ந்தபோது பவுசர் இல்லை. பாலைச் சோதிக்கும் நிருஷன் கண்ணாடிக் குழாயில் எடுத்துக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்து, அவளுக்கு முகம் தெரியத் திரும்பினான். அவன் நல்ல பெடியன், மெல்ல மெல்ல வாயசைத்துச் சொன்னான். பால் திரையத் தொடங்கிவிட்டது. இன்னொரு தரம் இப்படி வந்தால் இந்தப் பாதையை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று பதினாலு வீட்டுப் படலையிலும் நின்று, உங்கள் பால் திரைந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒருத்தரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வீட்டில் பாலன் அவளைக் கண்டதுமே விளங்கிக்கொண்டான். குசினி வாசலில், அவளுக்கு நேரே வந்து குந்தினான்.

"நான் வரேல்லை எண்டு அவையளுக்குச் சொல்லப்போறன்."

"சொல்லாதேங்கோ."

"பிறகு? நீ ஏத்தத்திலை சைக்கிள் தள்ள, நான் அங்கை கதிரையிலை குந்தியிருக்கிறதோ?"

"ஞாயிறு மட்டும் பொறுங்கோ. ஞாயிறு மட்டும் ரைம் தந்தவைதானே."

அவன் எழும்பிக் காலை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். அவள் சோறு வடித்தபடி யோசித்தாள். பாலன் தட்டும்போது ஒரு நாளும் சைக்கிள் துள்ளியதில்லை. கியரைக் கூட்டினால் குழந்தையைத் தோள் மாற்றுகிற மாதிரி மெத்தென்று போகும். இன்றைக்கு ஏன் துள்ளியது? அவளுடைய கால் அதே கால். சைக்கிளும் அதே சைக்கிள். புதிதாக வந்தது முள்ளு ஒன்றுதான்.

மறுநாள் சனிக்கிழமை. பவுசரைத் தவற விடாமல் இருக்கப் பாலனும் பழையபடி பின்னால் ஏறினான். வெளிக்கிட முன் அவள் ஒன்று கேட்டாள். எஞ்சினுக்கு மட்டும் காதைக் கொடுக்க வேண்டும், மீற்றரை எட்டிப் பார்க்கக் கூடாது, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

"கண்ணை மூடிக்கொண்டு உனக்குப் பின்னாலை இருக்கிறது எனக்குப் புதுசே?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டான்.

வலது தோளில் தட்டு விழுந்தபோது முள்ளைப் பார்த்தாள். பத்து. சிவப்புக்குள்ளே நின்றது. அடுத்த தட்டு, ஒன்பதரை. அடுத்தது பத்து. ஒவ்வொரு தட்டுக்கும் சைக்கிள் மெத்தென்று போனது. வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் இடது தோளில் தட்டினான். முள்ளு ஆறு.

ஐந்து என்று எழுதித் தந்த இடத்தில் பத்து. மூன்று என்ற இடத்தில் ஆறு. வீதிக் கரையில் ஒதுக்கி நிற்பாட்டினாள். என்ன பிழைத்தது என்று பாலன் கண்ணைத் திறந்தான். அவள் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னாள். இரட்டிப்பு. ஒவ்வொரு முறையும் சரியாக இரட்டிப்பு.

"அப்ப முள்ளு பிழையோ, என்ரை காது பிழையோ?"

"உங்கடை காது பிழையெண்டால் எஞ்சின் எப்பவோ எரிஞ்சிருக்கும்."

பாலை நேரத்துக்கு ஊற்றிவிட்டு நேரே றம்சீனிடம் போனார்கள். அவன் முதலில் ஏற்றுக்கொள்ளவில்லை. கடதாசியை எடுத்து வந்து காட்டினான். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம்தான் வெடிக்கும், அது உலகம் அறிந்த கணக்கு, தானும் அப்படித்தான் வைத்திருப்பதாகச் சொன்னான். பாலனுடைய கைதான் அவசரப்படாமல் தூங்கித் தூங்கித் தட்டுகிறது என்றும் ஒரு கடி கடித்தான். பாலன் அதை அவளுக்கு வாயசைத்துச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"றம்சீன் நானா, இவரின்ரை காதை நம்பி இந்த எஞ்சின் ஏழு வருசம் ஓடினது. முள்ளை நம்பி ஒரு நாள்தான் ஓடினது. அந்த ஒரு நாளும் நான் தள்ளிக்கொண்டு போனனான்."

றம்சீன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினான். முள்ளு ஒன்றரையில் நின்றது. இந்த முறை அவன் முள்ளைப் பார்க்கவில்லை. தலையைச் சரித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டான். எஞ்சின் டொக்கு, டொக்கு என்று, இப்போது நிற்பேனா பிறகு நிற்பேனா என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றே போனது. றம்சீன் நெற்றியில் கையை வைத்தான். பிறகு பிளக்கைக் கழற்றி, துளைக்குள் ஒரு நீட்டுக் குச்சியை விட்டு, பாலனைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஸ்டார்ட் பண்ண உதைக்கிற கட்டையைக் கையால் அமத்தி அமத்திப் பார்த்தான். குச்சி பிஸ்டனோடு மேலே வரும்போதெல்லாம் வெளியே வைத்த பிளக்கில் நீலப் பொறி விழுந்தது. ஒரு தரம் விட்டு ஒரு தரம் இல்லை. வரும்போதெல்லாம்.

அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் எழுதி அவளுக்குக் காட்டினான். வெடிக்கிறது இரண்டு சுற்றுக்கு ஒரு தரம்தான். ஆனால் இந்த எஞ்சினின் காந்தம் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி அடிக்கிறது. ஒன்று வேலைக்கு, ஒன்று சும்மா. மீற்றர் சும்மா அடிக்கிறதையும் எண்ணிவிட்டது.

அதற்குக் கீழே எழுதப்போனவன் பென்சிலை வைத்துவிட்டு, தாடியை இரண்டு கையாலும் ஒதுக்கிப் பிடித்து, அவளுக்கு வாய் தெரியச் சொன்னான்.

"தங்கச்சி, அண்டைக்கு எஞ்சின் என்ரை காதுக்குச் சரியாத்தான் கேட்டது. நான் காதை விட்டிட்டு முள்ளைப் பாத்தனான். என்ரை பிழை."

குட்டிச் சுவிச்சை ஒரு பல்லுத் தள்ளினான். இறக்கிய ஸ்குறூவை ஏற்றினான், இந்த முறை காதால். முள்ளு ஒன்றரைக்குக் கிட்ட நிற்க, எஞ்சின் ஒரே சீராக ஓடியது. பிரஷாந்தினி பெற்றோல் தாங்கியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அரிசி புடைக்கிற மாதிரி ஒரே தாளம்.

ஞாயிற்றுக்கிழமை பாலன் பின்னால் ஏறினான், ஆனால் கையை மடியில் வைத்துக்கொள்வதாகச் சத்தியம் பண்ணிவிட்டு. அவள் ரோட்டைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். முள்ளு சிவப்புப் பொட்டுக்கு வந்தது. கூட்டினாள். மெத்தென்று போனது. திரும்பவும் வந்தது, திரும்பவும் போனது. ஏற்றத்தில் முள்ளு கறுத்தப் பொட்டை நோக்கி விழத் தொடங்க, ஒன்று குறைத்து ஏறிவிட்டாள். ஒரு தரம் மட்டும் மாடு குறுக்கே வந்ததில் முள்ளைப் பார்க்க மறந்து எஞ்சினைக் கொஞ்சம் கத்தவிட்டாளாம். பாலன் பிறகு சொன்னான். கை எழும்பியதாம், அடக்கிக்கொண்டானாம்.

"சும்மா இருக்கிறதுதான் மூட்டை தூக்கிறதிலும் கஷ்டமான வேலை," என்றான் பால் நிலையத்தில் இறங்கும்போது. அங்கே நின்றபடியே களஞ்சியத்துக்கு அழைப்பெடுத்தான். அவள் அவனுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓம், வாறன், ஏழு மணிக்கு நிப்பன்.

திங்கட்கிழமை விடியவே பாலன் அயன் பண்ணின சேட்டோடு பஸ்ஸுக்குப் போய்விட்டான். பிரஷாந்தினி பதினாலு வீட்டுக்கும் தனியப் போனாள். எஞ்சின் ஒரு வீட்டிலும் நிற்கவில்லை. ஒன்றிரண்டு வீட்டில், எங்கே அவர் என்று கேட்டார்கள். வேலைக்கு என்றாள். அந்தச் சொல்லைச் சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் கேட்க மாட்டார்களா என்று இருந்தது.

பின்சீற் வெறுமையாக இருந்தது. அவன் தட்டுகிற இடம் இரண்டும் கூசியது. குளத்தடி நேர் ரோட்டில் நாலாம் கியர் விழுந்தபோது, அவள் ஏழு வருடத்தில் முதல் தடவையாகப் பின்னால் ஒருத்தரும் இல்லாமல், ஒரு துள்ளலும் இல்லாமல் அந்தக் கியருக்கு வந்திருந்தாள். காற்று முகத்தில் அடித்தது. ஒரு துவிச்சக்கரவண்டியும் அவளை முந்தவில்லை.

பவுசர் இன்னும் போகாமல் நின்றது. மணி எட்டேகால். நிருஷன் குழாயில் எடுத்துக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றும் சொல்லாமல் கானைத் தூக்கி ஊற்றினான். அவன் ஒன்றும் சொல்லாததுதான் நல்ல செய்தி.

அவள் பாலனுக்கு போனில் எழுதினாள்: பால் குடுத்திட்டன். சைக்கிள் நல்லா ஓடுது.

கான்களைக் கழுவி முடிக்கும் வரைக்கும் பதில் வரவில்லை. வேலை நேரத்தில் போன் பார்க்க விடமாட்டார்களாக்கும் என்று நினைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கான் இரண்டையும் கொழுவிக்கொண்டு சைக்கிளை உதைத்தாள்.