எட்டாம் நம்பருக்கு மாறுவேடம்

குடமுருட்டி ஆற்றின் கரையில் இருக்கும் அந்த ஊரில் பதினாலு விவசாயிகளுக்கு ஒரே ஓர் அறுவடை மெஷின். தை மாதக் கடைசியில் ஜெய்னுலாபுதீன் பாய் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார். யார் வயலில் முதலில் இறங்குவது என்பதற்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். அதுவரைக்கும் சரி. எட்டாம் நம்பர் சீட்டு யார் கைக்குப் போகிறதோ, அவர் அதைச் சுடுபாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி கீழே போட்டுவிடுவார். எட்டு சனிக்கு உரியது, எட்டில் தொடங்கிய எதுவும் விளங்காது என்பது ஊரின் ஒட்டுமொத்த முடிவு. ஒரு வருஷம் எட்டையே தூக்கிவிட்டு ஏழுக்குப் பிறகு ஒன்பது என்று எழுதிப் பார்த்தார்கள். ஒன்பது கிடைத்தவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "யாரை ஏமாத்துறீங்க? இதுதானே எட்டு?" என்று கேட்டுவிட்டார். அந்தச் சண்டையில் மெஷின் இரண்டு நாள் சும்மா நின்றது.

இந்த வருஷம் அப்படி இரண்டு நாளைத் தூக்கிக் கொடுக்க முடியாது. வியாழக்கிழமை சாயங்காலம் மழை என்று செல்போன் சொல்லிக்கொண்டே இருந்தது. இராஜாங்கத்தின் மூன்று ஏக்கர் சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். அவர் மகள் கனிமொழி அதற்கு ஒரு வழி யோசித்தாள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள் அவள். எட்டை ஒழிக்க முடியாது. எட்டு எதுவென்று தெரியாமல் செய்துவிட்டால்? ரோமன் எண்ணில் சீட்டு அச்சடிப்பது என்று முடிவு கட்டினாள்.

பதினாலு சீட்டைப் பேனாவால் எழுதினால் ஐந்து நிமிஷம். ஆனால் இன்ஜினியர் ஆயிற்றே, புரோகிராம் எழுத உட்கார்ந்தாள். நான்கு மணி நேரம் போயிற்று. பத்து, ஐந்து, ஒன்று என்று பெரிய எண்ணிலிருந்து இறங்கிவந்து, கழிக்க முடிந்த மட்டும் கழித்து, கழிக்கக் கழிக்க அதற்குரிய எழுத்தைப் போட வேண்டும். முதல் ஓட்டத்தில் நாலுக்கு IV வராமல் நாலு கோடு விழுந்தது. ஒன்பதுக்கு ஒரு V, அதன் பின்னால் நாலு கோடு. IV, IX இரண்டையும் தனியாகச் சேர்த்துச் சரிசெய்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். நாற்பது, தொண்ணூறு, நானூறு என்று எல்லாவற்றையும் சேர்த்து, மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வரை ஓடவிட்டு அம்மாவிடம் பெருமையாகக் காட்டினாள்.

"அவ்வளவு பேருக்கு நம்ம ஊர்ல எங்கடி வயல் இருக்கு?" என்றாள் பொன்னுத்தாய்.

புதன்கிழமை காலை பிள்ளையார் கோயில் வாசலில் குலுக்கல். யாருக்கு எத்தனையாவது முறை என்ற பட்டியல் கனிமொழியிடம் மட்டும் இருக்கும். அவள் பேர் சொல்லிக் கூப்பிடுவாள் என்று ஏற்பாடு. சீட்டைப் பிரித்தவர்கள் எட்டைத் தேடினார்கள். காணவில்லை. எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதி இரண்டு நிமிஷம்தான். பதினாலு பேரில் ஒருவரான ரெத்தினத்துக்கு X வந்திருந்தது.

"என்னம்மா இது, எனக்குத் தப்புப் போட்டுக் குடுத்திருக்க? நான் என்ன பண்ணுனேன்?"

"அது தப்பு இல்லண்ணே. அது ஒரு நம்பர்."

"மத்தவங்களுக்குத் தப்புக்குப் பக்கத்துல கோடாச்சும் இருக்கு. எனக்கு வெறும் தப்பு! உங்கப்பாவுக்குப் பாரு, தப்பே இல்லாம எவ்வளவு நீளமாப் போட்டிருக்க!"

இராஜாங்கத்தின் கையில் VIII. அவரே எடுத்ததுதான். ஆனால் கனிமொழிக்குப் பகீரென்றது. பஸ் நம்பரைக் கூட்டி எட்டு வந்தால் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற மனுஷர் அவர். இப்போதோ சீட்டை நாலு பேருக்குக் காட்டிவிட்டுச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். மாற்றிக்கொள்ளலாமா என்று ரெத்தினம் கெஞ்சியும் மசியவில்லை. கனிமொழி பட்டியலை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மெஷின் ஏழு வயலை முடித்துவிட்டு இராஜாங்கத்தின் வரப்புக்கு வந்தது. மழை அவசரத்தில் முடிந்த வயலை யாரும் விரல் விட்டு எண்ணவில்லை. கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து, ரெத்தினம் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணே, என் மவ நோட்டு அட்டையைப் பாருங்க. உங்க சீட்டுல இருக்கிறதேதான். அவ படிக்கிறது எட்டாங் கிளாஸ்!"

இராஜாங்கம் சீட்டை எடுத்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூஞ்சி செத்துவிட்டது. நேராகப் போய் மெஷினுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"பாய், எறங்காதீங்க. நிறுத்துங்க."

"மழை வருதுங்க. எட்டோ எண்பதோ, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் டீசல்தாங்க," என்றார் ஜெய்னுலாபுதீன்.

கனிமொழி ஓடிவந்தாள். "அப்பா, இது ரோமன் எட்டு. சனி பகவானுக்கு ரோமன் எல்லாம் தெரியுமா?"

"ரெத்தினம் மவளுக்கே தெரிஞ்சிருக்கு. பகவானுக்குத் தெரியாதா?"

மூன்று ஏக்கரும் கண்ணெதிரே கிடக்கிறது, மெஷின் வரப்பில் நிற்கிறது, இவர் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எட்டுல என்னதான்பா கெட்டுப் போச்சு? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க!"

களத்தில் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்த பொன்னுத்தாய் நிமிர்ந்தாள்.

"சொல்லுங்களேன். இவ பொறந்தது எட்டாந் தேதி. ஸ்கூல்லேருந்து சொந்தக்காரங்க வரைக்கும் ஒம்பதுன்னு மாத்திச் சொன்னது நீங்க. என்ன கெட்டுப் போச்சு?"

"எட்டாந் தேதியா?" கனிமொழிக்கு அழுகை சட்டென்று நின்றுவிட்டது.

ரெத்தினம் நோட்டை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். இராஜாங்கம் மகளையே பார்த்தார். தலையெல்லாம் வைக்கோல் தூசி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறாள். நான்கு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது இந்த வயலுக்காகத்தான் என்பது அவருக்குத் தெரியும். விரித்த கை தானாக இறங்கியது. வரப்பை விட்டு ஒதுங்கினார்.

"எறக்குங்க பாய். எட்டுல எனக்கு ஏற்கெனவே ஒண்ணு நல்லா வெளஞ்சிருக்கு."

கனிமொழி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த நிமிஷமே கோபம் வந்துவிட்டது.

"அப்ப இருபத்தாறு வருஷமா நான் கேக் வெட்டுனதெல்லாம் யாரோட பொறந்தநாளுக்கு?"

மெஷின் போட்ட சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.