பத்து எண்ணும் வரை

சலூன்காரருக்குக் கைதான் கண். இருபது வருஷமாகக் கழுத்துகளைத் தொட்டுப் பிழைக்கிறவர் அல்லவா! நாளைக்கு நீச்சல் தேர்வுப் போட்டி. நீச்சலடிப்பதால் ‘தவளை’ என்று அவர் செல்லமாகக் கூப்பிடும் மகளுடைய பிடரி முடியை ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தபோது, அவர் விரலுக்கடியில் தோல் நறநறவென்றது, உப்பை நசுக்கினாற்போல.

"என்னடி தவளை, இது?"

"ஒண்ணுமில்லப்பா. நேத்துல இருந்து மூச்சு இழுத்தா நெஞ்சுல குத்துது."

"அடிப்பாவி! சொல்லவே இல்லையே!"

"சொன்னா போட்டிக்கு விடுவீங்களா?"

அவருடைய தம்பியும் இப்படித்தான். பத்தொன்பது வயதில், பந்தை உதைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவே இல்லை.

கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு, "ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு," என்று அவளை எழுப்பினார். அடுத்த நாற்காலியில் பாதிச் சவரத்தோடு இருந்த வாடிக்கையாளர், "என் கார் வாசல்லதான் நிக்குது, வாங்க," என்று முகத்து நுரையோடே ஓடினார். வேறு நாளாக இருந்தால் தவளை விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று அப்பாவின் சட்டையை விடவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் அவர் அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார். கடவுளே, இவளையும் கொண்டுபோய்விடாதே.

மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதயம் நல்லா இருக்கு, பயப்படாதீங்க. நுரையீரல்ல இருந்து காத்து கசிஞ்சு, இதயத்தைச் சுத்தி நின்னு, கழுத்து வரைக்கும் ஏறியிருக்கு. ரெண்டு நாள் இங்க இருக்கட்டும், தானா வடிஞ்சிடும். ஆனா இப்போதைக்கு நீச்சல் கூடாது." அவளைப் பார்த்தார். "ரொம்ப நேரம் மூச்சை அடக்கினியாம்மா?"

"ஆமா டாக்டர். நானாத்தான்," என்றாள் தவளை, சட்டென்று.

சலூன்காரர் தலை குனிந்தார். தினமும் காலையில் அவள் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை முக்கி மூச்சடக்க, அருகே நின்று எண்ணுகிறவர் அவர்தான். நேற்று அவள் போதும் என்று கையை உயர்த்தினாள். "இன்னும் பத்துடி, தங்கம்!" என்று உச்சந்தலையை அமுக்கிப் பிடித்தார். அவள் திமிறினாள். அதைப் பொருட்படுத்தாமல் பத்து வரை எண்ணி முடித்தார்.

"அவ பொய் சொல்றா டாக்டர். நான்தான் தலையை அமுக்கினேன்."

மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை அவள் முதுகில் வைத்தார்.

"மெதுவா மூச்சை இழும்மா. வலிச்சா விட்டுடு."

தவளை மூச்சை இழுத்தாள். விடாமல் அப்படியே அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் எண்ணி முடிக்கட்டும் என்று.

"விட்டுடும்மா," என்று கதறினார் சலூன்காரர்.