ஆட்டம் பிடித்த கரடி

ஹுயிலானின் பையைத் திறந்தால் பாதி மருந்துக்கடை உள்ளே இருக்கும். மகள் மியானுக்கு ஆஸ்துமா. அதற்காக இன்ஹேலர் இரண்டு, கழுத்துத் துண்டு மூன்று, பேரிக்காய் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் ஒரு பிளாஸ்க். இது போதாதென்று வீட்டில் ஒரு சட்டம் வேறு: வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது. சிரித்தால் இருமல் வரும், இருமினால் இளைப்பு வரும். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இதென்ன கொடுமை என்று கேட்டுப் பாருங்கள், நம்மையே முறைப்பாள்.

ஞாயிறு காலை, சீனாவின் லுவோயாங் நகரப் பூங்காவில் நர்ஸ் பெய் ஆஸ்துமாப் பிள்ளைகளுக்கு நடத்தும் ஐந்து விலங்குப் பயிற்சி. புலி, மான், கரடி, குரங்கு, கொக்கு என்று மூச்சை இழுத்து இழுத்து விட்டு நிதானமாக ஆட வேண்டும். மியான் ஆறு மாதமாக வருகிறாள், வேளை தவறாமல் மருந்தும் எடுக்கிறாள்.

"அம்மா, கொக்கு வரைக்கும் இருமாம முடிச்சா கையெழுத்துப் போடுவியா?"

பள்ளிக்கூடத்துக் கயிறு தாண்டும் குழுவில் சேர அம்மாவின் கையெழுத்து வேண்டும். நாளைதான் கடைசி நாள்.

"முடி, பாக்கலாம். ஒரே ஒரு இருமல் கேட்டுது, தாளைக் கிழிச்சிருவேன்."

காவலாளி அறையில் ஒரே மாதிரி இரண்டு சிவப்பு ஸ்பீக்கர்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. ஒன்று பெய்யுடையது. இன்னொன்று அந்தப் பக்கம் விசிறி வைத்து நடனமாடும் பெண்களுடையது. அவசரத்தில் பெய் எதைத் தூக்கி வந்திருப்பாள் என்று சொல்லவும் வேண்டுமா?

புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் டமடமவென்று கல்யாண மேளம் மாதிரி அடித்தது. பெய் பட்டனை அமுக்கினாள், சத்தம் இன்னும் கூடியது. பிள்ளைகளா நிற்பார்கள்? புலி பாய்ந்தது, மான் தறிகெட்டு ஓடியது. அசைந்து அசைந்து நடக்க வேண்டிய கரடிகள் இடுப்பை ஆட்டின.

நடனக் கூட்டத்துத் தலைவி சியாவ் அக்கா விசிறியோடு வந்தாள். "எங்க பாட்டை எவடி தூக்கினது? உங்க பாட்டுக்கு விசிறியைத் தூக்கி இறக்குறதுக்குள்ள பாதிப் பேரு தூங்கிட்டாளுங்க."

சொன்னவள் கால் சும்மா இருந்ததா? அறுபது வயசில் அவளும் ஒரு கரடியாகி நடுவில் புகுந்தாள்.

யாரோ ஒரு பிள்ளை கெக்கெக்கென்று வயிறு குலுங்கச் சிரித்தது. யார் பெற்ற பிள்ளை இது என்று ஹுயிலான் திரும்பிப் பார்த்தாள். மியான்தான். இரண்டு வருஷமாய்க் கேட்காத சிரிப்பு, பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

ஹுயிலான் இன்ஹேலரைக் கையில் பிடித்து, எப்போது இருமல் வரும் என்று காத்திருந்தாள். குரங்கு முடிந்தது, கொக்கும் முடிந்தது. இருமல் வரவில்லை. நிம்மதியாக ஒரு வாய் பேரிக்காய்த் தண்ணீர் குடித்தாள். அந்த நேரம் பார்த்துச் சியாவ் அக்கா ஒற்றைக் காலில் கொக்காக நின்று தடுமாறி நர்ஸ் மேலேயே சாய்ந்தாள். ஹுயிலானுக்குச் சிரிப்பு வெடித்தது. தண்ணீர் புரையேறி, இருமு இருமு என்று இருமினாள்.

மியான் ஓடி வந்து அவள் முதுகைத் தடவினாள். "மெதுவா மூச்சு விடும்மா. சிரிக்கக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"வாயாடி. பேனா எடு."

மியான் தாளையும் பேனாவையும் நீட்டிவிட்டு, வைத்து எழுதக் குனிந்து முதுகைக் காட்டினாள். அந்த முதுகு சிரித்துக் குலுங்கிக்கொண்டே இருந்ததில் கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது.