முதலாளியம்மாவின் புருஷன்

நான் திருடியது ஒரு ஜோடி பூட்ஸ். அதைக் காலில் மாட்டிக்கொண்டே சந்தைக்குப் போய்ப் பிடிபட்டேன். ஏழு வருஷம் நாடுகடத்தல் என்று கப்பலேற்றி சிட்னியில் இறக்கினார்கள். என் மனைவி கெசையா சொந்தச் செலவில் பின்னாலேயே வந்து ரொட்டிக்கடை போட்டாள். கடை வேலைக்குக் கைதி வேண்டுமென்று சர்க்காருக்கு மனுப் போட்டு என்னையே கேட்டு வாங்கினாள். ஆக, கட்டிய மனைவியே எனக்கு முதலாளி. தெருமுனைக்குப் போகவும் அவள் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும்.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். மாவு பிசைய ஈனோக் என்று இன்னொரு கைதியை வாங்கினாளே, அவனைத்தான் சகிக்க முடியவில்லை. அவன் வாயைத் திறந்தால் போதும், கெசையா சிரிப்பாள். என்னிடம் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று! வயிறு பற்றி எரிந்தது.

ஒரு காலை, சீட்டோடு வெளியே கிளம்பினேன்.

"என்னண்ணே, வீட்டுக்காரம்மா சீட்டக் குடுத்தாங்களா, இல்ல கால்ல விழுந்து வாங்குனீங்களா?" என்றான் ஈனோக்.

கெசையா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அடுப்புக்குள் ரொட்டி தள்ளும் கட்டையை எடுத்து அவன் வாயிலேயே ஒரு போடு போட்டேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. சத்தம் கேட்டு வந்த காவலர் இருவரையும் மாஜிஸ்திரேட்டிடம் இழுத்துப் போனார். கெசையாதான் சாட்சி.

கை நீட்டிய கைதிக்குச் சவுக்கடி. நான் ஏற்கெனவே ஒரு தடவை அடிதடியில் சிக்கியவன். இந்த முறை சங்கிலி போட்டு எங்கோ மலைப்பக்கம் சாலை வெட்ட அனுப்பிவிடுவார்கள். கெசையாவை அவனிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

"மொதல்ல அடிச்சது யாரும்மா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

கெசையா தரையைப் பார்த்தபடி, "ஈனோக்குதாங்க ஐயா" என்றாள்.

ஈனோக் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். "ஆமாங்க ஐயா, நாந்தான்" என்றான்.

ஐம்பது அடி அவனுக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மனைவி என் பக்கம்!

சாயங்காலம் அவனைத் தூக்கி வந்து அடுப்படியில் குப்புறப் போட்டார்கள். கெசையா பன்றிக்கொழுப்பை விரலில் எடுத்து, கிழிந்த முதுகில் தடவினாள். அழுதுகொண்டே தடவினாள்.

"ரொம்ப எரியுதா?"

"நீங்க போட்டா எரியலீங்க."

என்னால் பொறுக்க முடியவில்லை. "எனக்காகத்தானே கெசையா பொய் சொன்னே?" என்றேன்.

"புருஷனாப் போயிட்டியே, வேற என்ன செய்யச் சொல்றே?" என்றாள், திரும்பாமலே. "அந்தச் சட்டியக் கிட்டக் கொண்டா."

சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் விரல் அவன் தோளிலிருந்து இடுப்பு வரை மெல்ல இறங்கியது. அந்த ஐம்பது அடியும் என் முதுகில் விழுந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.