காளியண்ணன் வாக்கும் ஏழுமதகுத் தண்ணீரும்

ஏழுமதகு ஊரின் வாய்க்கால் தண்ணீர் லோகப்பிரியாவின் குடும்பத்தாரை நனைப்பதில்லை. வேறு எந்தத் தண்ணீரும் நனைக்கும். சிறுவாணி நனைக்கும், கிணற்று நீர் நனைக்கும், பவானி ஆறும் நனைக்கும். அதே பவானித் தண்ணீர் பிரிந்து ஏழுமதகின் முதல் மதகைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டால், இவர்களைக் கண்டதும் ஒரு சாண் ஒதுங்கிக்கொள்ளும். எழுநூறு வருடங்களுக்கு முன்னால் அந்த வாய்க்காலை வெட்டியவர் இவர்களுடைய முன்னோர் காளியண்ணன். தண்ணீர் திறந்த அன்று கூட்டத்தில் ஒருவன், தன் சொந்த நிலத்துக்குக் கொண்டுபோகத்தானே வெட்டினான் என்று சொல்லிவிட்டான். காளியண்ணன் முதல் மதகின் மேல் ஏறி நின்று, இதில் ஒரு சொட்டுகூட என் வம்சத்தில் யார் மேலும் படாது என்று சொன்னார். சொல்லிவிட்டு அன்று மத்தியானமே மாடுகளை ஓட்டிக்கொண்டு, மேற்கே தண்ணீரே இல்லாத மேட்டு நிலத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். அவர் சொன்னதை ஊர்க்காரர்கள் மறந்துவிட்டார்கள். தண்ணீர் மறக்கவில்லை.

மேட்டு நிலத்தில் நூறடிக் கிணறு வெட்டி இறைத்துப் பிழைத்த குடும்பம், காலப்போக்கில் கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் பம்புப் பட்டறை வைத்தது. 1938-ல் சின்னப் பாட்டனார் ஒருவர் மாடு வாங்கப் போன இடத்தில் ஏழுமதகுப் பாலத்திலிருந்து தவறி விழுந்தார். கரையேறியபோது மடியில் இருந்த மூக்குப்பொடி அப்படியே பொடியாக இருந்தது. 1961-ல் விசாரிக்காமல் அந்த ஊருக்குப் பெண் கொடுத்துவிட்டார்கள். மணப்பெண்ணால் மூன்று நாள் குளிக்க முடியவில்லை. நான்காம் நாள் மாப்பிள்ளை வீட்டார் பின்கட்டில் கிணறு வெட்டத் தொடங்கினார்கள். அதிலிருந்து, சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் மற்ற வீடுகளில் நிலபுலமும் உத்தியோகமும் கேட்பார்கள் என்றால், இந்த வீட்டில் ஜாதகத்துக்கு முன்னால், "உங்க ஊட்டுல எந்தத் தண்ணிங்க?" என்று கேட்பார்கள்.

இந்த வீட்டில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, தண்ணீர் ஒதுங்குவதை யாருக்கும் காட்சியாகக் காட்டக் கூடாது. வாக்கு வேறு, வித்தை வேறு. இரண்டாவது, மூத்தவரை இழித்துப் பேசும் இடத்தில் ஒரு நிமிடம்கூட உட்காரக் கூடாது. பதில் பேசக் கூடாது, சண்டை போடக் கூடாது, எழுந்து வந்துவிட வேண்டும். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்கு முன்பே இலையை மடக்கி எழுந்தவர்கள் உண்டு. சென்னிமலை போகிற பஸ்ஸை நடுக்காட்டில் நிறுத்தச் சொல்லி இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தவர்களும் உண்டு.

லோகப்பிரியா சிவில் என்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடப் படிக்கும் யாஸ்மின், மேக்னா, மிதுன் மூவரோடும் ஒரு நாள் பயணமாக ஏழுமதகைப் பார்க்கக் கிளம்பினாள். ஊரில் தெருவுக்குப் பதில் வாய்க்கால், நாற்பத்தொரு கல்பாலம், வாசற்படி இறங்கினால் தண்ணீர் என்று யாஸ்மின் ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் ஆசை மூட்டியிருந்தாள். லோகப்பிரியா வீட்டில் ஒளிக்கவில்லை. குடும்பத்துக்கு மூத்தவரான பெரியப்பா தம்பிதுரை, "போயிட்டு வா கண்ணு. படிக்கற புள்ள, பாக்கோணும். ஆனா ஒண்ணும் காட்டிப்போட்டு வராத" என்றார். காலையில் ரயில் நிலையத்துக்கு அவரே வந்து, ஐந்து லிட்டர் சிறுவாணித் தண்ணீர்க் கேன் இரண்டை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஏன்டி, சாயங்காலம் திரும்பி வர்றதுக்கு இத்தனை தண்ணியா? நீ என்ன ஒட்டகமா?" என்றாள் யாஸ்மின்.

"ஒட்டகம் முதுகுல வெச்சுக்கும். இவ என் முதுகுல வெக்கறா" என்றான் கேனைத் தூக்கிய மிதுன்.

ஈரோட்டில் இறங்கி ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் ஊர் வந்துவிடும். நூல் மூட்டைகளும் மஞ்சள் மூட்டைகளும் படகில் போய்க்கொண்டிருந்தன. கருங்கல் கரைகள் இத்தனை வருடத்துக்கும் ஒரு விரல்கூட விலகாமல் நின்றன. லோகப்பிரியா கரையைக் கையால் தடவிப் பார்த்தாள். சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை, கல் கல்லைப் பிடித்து நின்றது. வகுப்பில் சொல்லிக்கொடுத்த எந்தக் கணக்கும் இதைவிட நன்றாக வந்திராது என்று அவளுக்குத் தோன்றியது. நெஞ்சு நிமிர்ந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் மற்றவர்களோடு படகில் ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கீழே தண்ணீர் ஒதுங்கியதில், படகு அவள் இருந்த பக்கம் ஒரு சாண் பள்ளத்தில் போனதைப் படகுக்காரர் கவனித்து, சுமை சரியில்லை என்று மிதுனை இடம் மாறி உட்காரச் சொன்னார்.

படகில் மைக் பிடித்து ஊர்க்கதை சொல்பவர் சுந்தரராஜுலு. முப்பது வருடமாக ஒரு நாளைக்கு ஆறு முறை சொல்கிறவர். முதல் மதகு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த வாய்க்கால வெட்டினவன் பேரு கல்லுல எங்கயும் இல்லைங்க. ஏன்னு கேளுங்க. தண்ணியத் தொறந்துவுட்ட அன்னைக்கே, கரை நிக்குமோ நிக்காதோன்னு பயந்து, பொண்டாட்டி புள்ளையோட ஓடிப்போட்டானுங்க! வெட்டினவன் ஓடினான், வெட்டாத நாம உக்காந்து அனுபவிக்கறோம்."

படகு முழுக்கச் சிரிப்பு. "என்ஜினியருக்கே நம்பிக்கை இல்லையா!" என்று மிதுன் தொடையில் தட்டிக்கொண்டான். கரையில் குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் "ஓடு, ஓடு, வெட்டினவனே ஓடு" என்று கத்திக்கொண்டு தண்ணீரில் குதித்தார்கள். அது அந்த ஊர் விளையாட்டு. லோகப்பிரியாவுக்குக் காது சூடானது. எழுநூறு வருடம் ஒரு சொட்டு தொடாமல் காத்த வாக்குக்கு இந்த ஊர் வைத்திருந்த பெயர் பயம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சாப்பிட்டாளா என்று கேட்பதற்காகப் பெரியப்பா போன் செய்ததும் அந்த நேரத்தில்தான்.

"யாரு கண்ணு அது, மைக்குல?"

"கதை சொல்றவருங்க பெரியப்பா."

"யாரு ஓடினாங்கறான்?"

அவள் வாயெடுப்பதற்குள் மைக் சொன்னது.

"எறங்கு" என்றார் தம்பிதுரை.

"பெரியப்பா, இங்க வந்துங்க..."

"நம்ம பெரியவரை அப்படிச் சொல்ற எடத்துல உனக்கென்ன கண்ணு உக்காந்துட்டு இருக்கறது? எறங்குன்னேன்." போனை வைத்துவிட்டார். அவள் கரையோரம் ஏதோ பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக அவர் நினைத்திருந்தார். அவள் நடுவாய்க்காலில் இருந்தாள்.

காட்டக் கூடாது, உட்காரவும் கூடாது. இந்த இரண்டில் எது பெரியது என்று அந்த வீட்டில் யாரும் சொல்லிவைக்கவில்லை. எழுநூறு வருடத்தில் இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்ததில்லை. லோகப்பிரியா எழுந்தாள். துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "இருங்க, நான் எறங்கிக்கறேன்" என்று படகுக்காரரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலை வெளியே வைத்தாள். மேக்னா அலறினாள். கால் இறங்க இறங்கத் தண்ணீர் தணிந்தது. ஏழடி ஆழம் அடித்தளக் கல்வரை விலகி, அவளுக்கு முன்னால் கரைவரை ஒன்றரை அடி அகலத்தில் வழி விட்டது. அவள் விளிம்பை விட்டு அடித்தளக் கல்லில் இறங்கினாள். இரண்டு பக்கமும் தண்ணீர் சுவர்போல் நின்றது. உள்ளே கெண்டை மீன்கள் நின்று பார்த்தன. பின்னால் ஒரு படகே சிரித்ததை மறந்து உட்கார்ந்திருந்தது. ஓடினால் நாலு எட்டில் கரை சேர்ந்திருக்கலாம். லோகப்பிரியா ஓடவில்லை. கல்யாண மண்டபத்துக்குள் போவதுபோல முதுகை நிமிர்த்தி, ஒவ்வொரு கல்லாகப் பார்த்து வைத்து நடந்து, எதிர்க்கரைப் படிகளில் ஏறினாள்.

படித்துறையில் போர்வை அலசிக்கொண்டிருந்த பழனியாத்தாள் முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். செருப்பில் கணபதித் தெருவின் புழுதி அப்படியே இருந்தது. பழனியாத்தாள் படகைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏனுங்க ராஜுலு, வெட்டினவங்க ஓடிப்போட்டாங்கன்னு தெனமும் கத்தறீங்களே, இந்தப் புள்ள நடந்தல்லங்க வருது!"

படகு கரைக்கு வந்தது. சுந்தரராஜுலு மைக்கை அணைக்கவும் மறந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு இறங்கினார். "எனக்கு முன்னால சொன்னவர் சொன்னதுங்க அம்மணி. அவருக்கு முன்னால சொன்னவரும் அப்படித்தான் சொன்னாருங்க" என்று அவர் சொன்னது ஊருக்கெல்லாம் கேட்டது. லோகப்பிரியா, காளியண்ணன் என்ற பெயரையும், அவர் சொன்ன சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். மிதுன் தரையைப் பார்த்துக்கொண்டு, தெரியாமச் சிரிச்சுட்டேன் என்றான். படகிலிருந்து குதித்ததில் யாஸ்மினுக்கு முழங்கால்வரை ஈரம். "எங்களுக்கும் கொஞ்சம் வழி விடச் சொல்லியிருக்கலாம்ல? புது ஜீன்ஸ்டி" என்றாள். நாலு பேரும் பழனியாத்தாள் வீட்டில் சாப்பிட்டார்கள். லோகப்பிரியாவுக்கு மட்டும் கேன் தண்ணீரில் தனியாகச் சோறு வடித்தார்கள்.

திரும்பும் ரயிலில் லோகப்பிரியா, குடும்ப வழக்கத்தை உடைத்தவள் என்ற பெயர் தனக்கு வந்துவிட்டது என்றே நினைத்தாள். ரயில் நிலையத்தில் காத்திருந்த தம்பிதுரை நடந்ததை எல்லாம் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"யாரையாச்சும் கூப்பிட்டு, பாருங்கன்னு சொன்னியா?"

"இல்லீங்க. எறங்கச் சொன்னீங்க, எறங்கினேனுங்க."

"திரும்பிப் பாத்தியா?"

"இல்லீங்க."

"அப்பச் சரி" என்றார். வண்டியின் முன்சீட்டுக் கதவை அவரே திறந்துவிட்டார். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சீட்டில் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை.

அவள் நடந்த வழி மூடவில்லை. ஏழுமதகு வாய்க்காலின் குறுக்கே ஒன்றரை அடித் தடம் அப்படியே நின்றுவிட்டது. அதிகாரி ஒருவர் டேப் பிடித்து அளந்து, நீரோட்டத்துக்குத் தடையில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். மீன்கள் முதல் வாரம் தயங்கின. பிறகு ஒரு பக்கத்துச் சுவரிலிருந்து மறுபக்கத்துச் சுவருக்குத் தாவிக்கொள்ளப் பழகின. பிள்ளைகள் குதிக்கும்போது கத்துவதற்கு வேறொன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

மாசி மாதத்தில் தம்பிதுரை ஏழுமதகுக்குப் போனார். வெள்ளை வேட்டி கலையாமல் முதல் மதகின் கரையில் நின்றார். படகில் ஏறவில்லை, தடத்தைக் குனிந்து பார்க்கவும் இல்லை. தண்ணீரின் மேல் சுந்தரராஜுலுவின் மைக் கேட்டது. காளியண்ணன் வாக்குக் கொடுத்ததையும், அவர் கிளம்பும்போது ராஜா தங்கக் குடை பிடித்து வழியனுப்பி வைத்ததையும் கதைசொல்லி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க" என்று தம்பிதுரை கரையிலிருந்து கூப்பிட்டார். "குடையெல்லாம் ஒண்ணும் புடிக்கலீங்க. வெயில்லதான் போனாருங்க."

சுந்தரராஜுலு தலையாட்டி, "குடை இல்லீங்க, வெயிலுதானுங்க" என்று மைக்கில் திருத்திச் சொன்னார். அதற்குள் படகு தடத்துக்கு வந்துவிட்டது. பயணிகள் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள். வேகத்தடையில் ஏறும் பஸ்ஸைப்போல ஒரு குலுங்கு குலுங்கி அந்தப் பக்கத்துத் தண்ணீரில் இறங்கி, படகு இரண்டாம் மதகை நோக்கிப் போனது.