எட்டாவது சிங்கம்

நீரூற்றைச் சுற்றி எட்டுக் கல் சிங்கங்கள். எட்டும் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தன. மருந்துக்கடைக்காரிக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

“ஏழுதான் துப்பும்னு சொன்னீங்க.”

“நேத்து ஏழுதாம்மா துப்புச்சு,” என்றார் கணவர், கையிலிருந்த ஜிபிஎஸ் கருவியைத் தட்டியபடி. “இது சரியாத்தான் காட்டுது. மூணு மீட்டர்.”

“சிங்கம் என் கண்ணுக்கே தெரியுதுங்க. டப்பா எங்க?”

அந்த எட்டாவது சிங்கத்தின் வாய்க்குள் யாரோ ஒரு டப்பாவை ஒளித்து, இடத்தை இணையத்தில் போட்டிருந்தார்கள். ஜியோகேச்சிங் விளையாட்டு. தேடிக் கண்டுபிடித்து உள்ளிருக்கும் நோட்டில் பெயர் எழுத வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும். கணவர் நேற்று ஒரு கோலிக்குண்டை எடுத்துக்கொண்டு, பையில் தட்டுப்பட்ட சாவியை வைத்துவிட்டார். நகல் எடுத்து வரச் சொல்லி அவள் கொடுத்த கடைச் சாவி. இருந்ததே அது ஒன்றுதான். ஒன்பதரைக்குக் கடை திறக்க வேண்டும். இன்சுலினுக்கு இந்நேரம் இரண்டு பேராவது ஷட்டர் முன்னால் நிற்பார்கள். மணி ஒன்பது பத்து.

குழாய் ரிப்பேர்காரர் ஸ்பேனரும் கையுமாக வந்தார்.

“டப்பாவா தேடுறீங்க? அதனாலதான் ஒரு வருஷமா அடைப்பு. அத்தனை திட்டும் எனக்கு.”

டப்பாவைத் தன் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் திறந்தாள். நோட்டு, பென்சில், ஒரு ரப்பர் வாஷர். சாவி இல்லை.

“ஒண்ணு எடுத்தா ஒண்ணு வைக்கணும்னு நோட்டுல எழுதியிருந்துச்சு. சாவிய எடுத்தேன், வாஷர் வெச்சேன்,” என்று இடுப்புச் சாவிக்கொத்தைக் காட்டினார். “பம்ப் ரூம் பூட்டுக்கு ஆகும்னு பாத்தேன். ஆகலை.”

“அப்ப குடுத்துடுங்கண்ணே.”

“தாராளமா, மேடம். பதிலுக்கு எதாவது வெச்சுட்டு எடுத்துக்குங்க.”

“அவர் சொல்றது நியாயந்தாம்மா,” என்றார் கணவர். “கோலிக்குண்டை வீட்ல வெச்சுட்டேன். பத்தே நிமிஷம், ஓடிப்போய்…”

அவள் கணவரைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த கருவியை வாங்கி டப்பாவுக்குள் வைத்தாள். மூடி மூடவில்லை. தலைமுடியிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி இரண்டு சுற்றுச் சுற்றி ரிப்பேர்காரரிடம் நீட்டினாள். சாவி கைக்கு வந்தது.

“அது என்ன விலை தெரியுமா உனக்கு?” என்றார் கணவர்.

“நோட்டுல பேரை எழுதிட்டு மெதுவா வாங்க,” என்றாள் அவள், நடந்துகொண்டே. “கடைக்கு வழி தெரியும்ல?”