ஐயாவின் உயரம்

எங்கள் நாட்டில் ஜனாதிபதி வேட்பாளரின் உயரம் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களின் நம்பிக்கையைப் பொறுத்தது. மாற்றுக் கட்சிக்காரர்கள் எவ்வளவு திட்டினாலும் ஓர் அங்குலம்கூடக் குறையாது. எங்கள் வேட்பாளர் அருமைநாயகம் ஆறடியில் பிரசாரத்தைத் தொடங்கினார். எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு வந்தபோது என் இடுப்பளவு இருந்தார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஆற்றுக்குப் பாலம் கட்டித் தருவதாக ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். போன மாரியில் தோணி கவிழ்ந்து என் மனைவி பவளராணியின் தம்பி செத்தான். அதே தோணியில்தான் எங்கள் மகள் சுகிர்தா பள்ளிக்குப் போகிறாள். உள்ளுக்குள் ஒருவரும் நம்பவில்லை, வெளியில் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. எனவே, ஐயா உயரமாகத் தெரிவதற்காக ஆதரவாளர்கள் முழங்காலில் நடக்கவேண்டும் என்று கட்சி முடிவெடுத்தது. நடந்தோம். வெட்கங்கெட்ட கூட்டம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கூட்டத்தில் பவளராணி மட்டும் நிமிர்ந்து நின்றாள். கிளைத் தலைவர் தவராசா முழங்காலாலேயே விரைந்து வந்தார்.

"அக்கா, கொஞ்சம் முழங்கால்ல நில்லுங்கோ. ஐயாவைவிட உயரமாத் தெரியிறியள்."

"பாலம் எங்க?" என்று அவள் மேடையைப் பார்த்துக் கத்தினாள். "என்ர தம்பியை விழுங்கின ஆறு இன்னும் அங்கதான் ஓடுது. நாளைக்கு என்ர பிள்ளையும் அதாலதான் போகவேணும்!"

நானும் எழுந்து அவள் பக்கத்தில் நின்றேன். அருமைநாயகம் கட்டைவிரல் அளவானார். மற்ற எல்லோரும் உடனே குப்புறப் படுத்தார்கள். படுத்தபடியே கைதட்டினார்கள், தேர்தலன்று ஊர்ந்துபோய் வாக்களித்தார்கள். அவர் வென்றார்.

பதவியேற்றதும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பாலம் வந்தது. அவருடைய அளவுக்குக் கட்டிய பாலம், ஒரு சாண் நீளம். இரு பக்கமும் கைப்பிடி இருந்தது. தவராசா அதைத் தாம்பாளத்தில் வைத்துக் கரைக்கு ஊர்ந்து வந்தார்.

"பாத்தீங்களே, சொன்னதைச் செய்திட்டார்."

தவராசாவைத் தூக்கி ஆற்றில் எறியவேண்டும் போலிருந்தது எனக்கு.

ஆற்றில் வைத்தால் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே பள்ளிப் பிள்ளைகள் முறைவைத்துப் பாலத்தை அக்கரைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரவேண்டும் என்று உத்தரவு வந்தது. திங்கட்கிழமை சுகிர்தாவின் முறை. தோணி ஆடியது. ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மடியிலிருந்த பாலத்தை அணைத்திருந்தாள். பவளராணி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோணி கவிழ்ந்தால் முதலில் பாலத்தைக் காப்பாற்றும்படி தோணிக்காரருக்குச் சொல்லியிருந்தார்கள்.